இரண்டு சிஸ்டம், ஒரே பேரேடு

(நம் குடியிருப்பு நலச் சங்கத்தின் ஞாயிறு காலைச் சந்திப்பில், சமுதாயக் கூடத்தில் பேசியது. பேசும்போது விட்டுப்போன சிலவற்றை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)



நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். முடித்து, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். "கம்ப்யூட்டர் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டபோது முதலில் தயங்கினேன். பிறகு, சங்கப் பொருளாளர் என்ற முறையில் உங்கள் எல்லோர் முன்னாலும் நான் ஒரு மன்னிப்புக் கேட்கவேண்டிய பாக்கி இருப்பது ஞாபகம் வந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

போன வருஷம் நோட்டீஸ் போர்டில், பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருப்பவர்கள் பட்டியல் ஒன்றை ஒட்டினேன். அதில் சி பிளாக்கில் ஒரு வீட்டின் எண்ணும் இருந்தது. மூன்று மாதப் பாக்கி என்று போட்டிருந்தேன். மறுநாள் லிஃப்டில் அந்த வீட்டு அம்மாவைப் பார்த்தேன். வழக்கமாக "நல்லா இருக்கீங்களா" என்று கேட்பவர், அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறுத்தியிருக்காது.

உண்மை என்னவென்றால், அவர் பணம் கட்டியிருந்தார். வெளியூரில் இருக்கும் மகன் தன் கணக்கிலிருந்து மூன்று மாதத்துக்கும் சேர்த்து அனுப்பியிருந்தார். சங்கத்தின் வங்கி ஸ்டேட்மென்ட்டில் தொகை இருக்கிறது, ஆனால் வீட்டு எண் இல்லை. பெயரும் நமக்குத் தெரிந்த பெயர் இல்லை. யாருடையது என்று தெரியாமல் வரும் பணத்தை வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். அதே பழக்கத்தில் அங்கே வைத்தேன். "இந்தத் தொகை எங்கள் வீட்டுக்கானது" என்று அந்த மகன் பணம் அனுப்பிய அன்றே சங்கத்துக்கு மெயில் எழுதியிருந்தார். அந்த மெயில் என் கம்ப்யூட்டருக்கு ஒழுங்காக வந்தும் சேர்ந்திருந்தது. ஆனால் நான் கணக்கு எழுத உட்கார்ந்த இடத்தில் அது இல்லை.

ஒரே மேஜை, ஒரே கம்ப்யூட்டர். வந்த மெயில் எங்கே போனது? அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். அந்த அம்மாவின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா, எல்லோர் முன்னாலும் மறுபடி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

என் கம்ப்யூட்டர் 2016-ல் வாங்கியது. இன்னும் நன்றாக உழைக்கிறது. ஆனால் விண்டோஸ் 11 அதில் ஏறாது. அதற்கு டிபிஎம் 2.0 என்று ஒரு பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. என்னுடையது ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிகிறது என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். ஓடுகிற இயந்திரத்தைத் தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை. தங்கை மகன் வந்து, அதே ஹார்ட் டிஸ்கில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட்டையும் நிறுவிக் கொடுத்தான். காசு எதுவும் இல்லை. கம்ப்யூட்டரைப் போட்டதும் "எது வேண்டும்?" என்று ஒரு பட்டியல் வரும். தேர்ந்தெடுத்தால் அது திறக்கும்.

இது ஒன்றும் புதுசு இல்லை. 2011-ல் நம் மாநில அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது, அதில் விண்டோஸும் இருந்தது, பாஸ் என்ற இந்திய லினக்ஸும் இருந்தது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பலர் இந்தப் பட்டியலை அப்போதே பார்த்திருப்பார்கள்.

விண்டோஸை அடியோடு விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். சங்கக் கணக்கு எழுதும் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதனால் கணக்குக்கு விண்டோஸ், இன்டர்நெட்டுக்கு லினக்ஸ் என்று பிரித்துக்கொண்டேன். பிரித்தது சரி. ஆனால் மெயில் பார்க்கும் மென்பொருளான தண்டர்பேர்டை இரண்டு பக்கமும் போட்டு, இரண்டு பக்கமும் பழைய வழக்கப்படி போப் முறையில் அமைத்தேன். அங்கேதான் வினை.

போப் முறையை, எங்கள் காலத்துக் கிளை லெட்ஜர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அப்போதெல்லாம் உங்கள் கணக்கு என்பது எந்தக் கிளையில் திறந்தீர்களோ அந்தக் கிளையின் தடித்த பேரேட்டில் ஒரு பக்கம். மயிலாடுதுறையில் கணக்கு வைத்திருப்பவர் கும்பகோணம் கிளைக்கு வந்து "என் பாக்கி எவ்வளவு?" என்று கேட்டால், கவுன்டரில் இருப்பவர் என்ன மூளைக்காரராக இருந்தாலும் பதில் சொல்ல முடியாது. பேரேடு மயிலாடுதுறையில் இருக்கிறது.

போப் அப்படித்தான். மெயில் சேவையின் சர்வரில் கிடக்கும் கடிதத்தை நம் கம்ப்யூட்டருக்கு எடுத்துவந்து, இங்கே பதிந்துகொள்ளும். எடுத்தபின் சர்வரில் நகல் வைப்பதா அழிப்பதா என்பது நம் விருப்பம். அந்தக் காலத்தில் சர்வரில் இடம் ரொம்பக் குறைவு. அதனால் "சர்வரில் வைக்காதே" என்று அமைத்துப் பழகியவன் நான். லினக்ஸிலும் அப்படியே செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லினக்ஸில் செய்தி படித்துக்கொண்டே மெயிலையும் திறந்திருக்கிறேன். அந்த மகனின் கடிதம் லினக்ஸ் பேரேட்டில் பதிவாகி, சர்வரிலிருந்து அழிந்துவிட்டது. மாதக் கடைசியில் விண்டோஸைத் திறந்து கணக்கு எழுதியபோது, விண்டோஸ் பேரேட்டுக்கு அப்படி ஒரு கடிதம் வந்ததே தெரியாது. எந்தப் பக்கமும் பிழைச் செய்தி வரவில்லை. இரண்டு பேரேடும் தனித்தனியே சரி. சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. முப்பது வருஷம் டாலி பார்த்த எனக்கே இது தோன்றவில்லை.

தங்கை மகன் பிறகு ஒரு விஷயம் விளக்கினான். மென்பொருள் வேறு, அது எழுதும் பதிவேடு வேறு. ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்ட் இரண்டுமே நமக்குச் சொந்தமான எல்லாவற்றையும் புரொஃபைல் என்ற ஒரு ஃபோல்டரில் வைக்கின்றன. புக்மார்க், பார்த்த பக்கங்களின் வரலாறு, சேமித்த பாஸ்வேர்ட், மெயில் கணக்கின் அமைப்புகள், முகவரிப் புத்தகம், எடுத்துவந்த கடிதங்கள், எல்லாம் அதற்குள். மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போட்டாலும், அந்த ஃபோல்டரை நீங்கள் தொடாதவரை அது இருந்த இடத்தில் இருக்கும். விண்டோஸில் அது ஆப்டேட்டா என்ற மறைவான ஃபோல்டருக்குள். லினக்ஸில் உங்கள் ஹோமுக்குள், அதுவும் மறைவாகத்தான். தேடி அலையவேண்டாம். ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட்டிங் தகவல் என்று ஒரு பக்கம் உண்டு. அதைத் திறந்தால் "புரொஃபைல் ஃபோல்டர்" என்று ஒரு வரியும், பக்கத்தில் திறக்கும் பட்டனும் இருக்கும். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒருமுறை திறந்து பாருங்கள். ஒன்றும் செய்யவேண்டாம், உங்கள் பேரேடு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு மூடிவிடுங்கள்.

அப்படியானால் இரண்டு சிஸ்டத்துக்கும் ஒரே புரொஃபைலைக் காட்டிவிட்டால் என்ன? காட்டலாம். விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் இந்த ஃபோல்டரின் உள்ளமைப்பு ஒன்றுதான். ஹார்ட் டிஸ்கில் மூன்றாவதாக ஒரு பகுதியைப் பிரித்து, புரொஃபைலை அங்கே வைத்து, இரண்டு பக்கத்து மென்பொருளிடமும் புரொஃபைல் மேனேஜர் வழியாக "இனிமேல் இதுதான் பேரேடு" என்று சொல்லிவிடவேண்டும். எனக்கு அப்படித்தான் செய்து கொடுத்தான். லினக்ஸ் பக்கம் சேர்ந்திருந்த கடிதங்களையும் அதற்குள் கொண்டுவந்தான். காலையில் விண்டோஸில் வந்த கடிதம் மாலையில் லினக்ஸில் அப்படியே இருந்தது. எனக்குப் பரம சந்தோஷம்.

ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. அவன் சொன்னான், நான் காதில் வாங்கவில்லை.

முதல் நிபந்தனை, விண்டோஸைப் பற்றியது. நாம் ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுசாகத் தூங்குவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி விண்டோஸ் 8 காலத்திலிருந்து இருக்கிறது. மறுநாள் சீக்கிரம் எழுந்திருப்பதற்காக, பாதி வேலையை மனப்பாடமாக வைத்துக்கொண்டு படுக்கும். அந்த நிலையில் லினக்ஸ் வந்து பொதுப் பகுதியில் ஏதாவது எழுதினால், விண்டோஸ் எழுந்ததும் தன் மனப்பாடத்தை நம்பும். டிஸ்கில் இருப்பது வேறாக இருக்கும். பதிவு சிதைந்துபோகும். லினக்ஸுக்கு இது தெரியும். அதனால் அந்தப் பகுதியைப் படிக்க மட்டும் திறக்கும், எழுத மறுக்கும். சில சமயம் திறக்கவே மறுக்கும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய், பவர் பட்டனை அழுத்தினால் என்ன செய்யவேண்டும் என்று கேட்கும் பக்கத்தில், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடவேண்டும். கம்ப்யூட்டர் திறக்கச் சில விநாடி கூடுதலாகும். அவ்வளவுதான். ரீஸ்டார்ட் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை, அப்போது முழுசாகவே மூடிவிட்டுத்தான் திறக்கும்.

இரண்டாவது நிபந்தனைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. இரண்டு பக்கமும் மென்பொருள் ஒரே பதிப்பாக இருக்கவேண்டும். புதிய பதிப்பு திறந்ததும் பேரேட்டின் உள்கட்டங்களைத் தன் வசதிக்கு மாற்றி எழுதிக்கொள்ளும். பழைய பதிப்புக்கு அந்தப் புதுக் கட்டங்கள் புரியாது. தெரியாமல் எழுதிக் கெடுத்துவிடக் கூடாது என்று, 2019 மே மாதம் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 67 முதல் ஒரு காவல் வைத்திருக்கிறார்கள். தண்டர்பேர்டிலும் உண்டு. பழைய பதிப்பு புதிய பேரேட்டைத் திறக்கப் பார்த்தால் நிறுத்தி, "புதிய புரொஃபைல் தொடங்கட்டுமா, வெளியேறட்டுமா?" என்று கேட்கும்.

என் விண்டோஸ் தண்டர்பேர்ட் தானாகவே புதுப்பித்துக்கொண்டுவிட்டது. லினக்ஸ் பக்கம் அப்டேட் வந்திருக்கிறது என்று கீழே ஒரு சின்ன அடையாளம் தெரிந்துகொண்டே இருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். ஒருநாள் இரவு லினக்ஸில் திறந்தேன். கேள்வி வந்தது. படிக்காமல், பெரிதாகத் தெரிந்த பட்டனை அழுத்தினேன். "புதிய புரொஃபைல்." அடுத்த விநாடி, இன்றைக்குத்தான் முதன்முதலாக மெயில் பார்க்க வந்தவனிடம் கேட்பதுபோல், "உங்கள் பெயர் என்ன, மெயில் முகவரி என்ன" என்று கேட்டது. இடது பக்கம் காலி.

இதில் சங்கத்தின் மெயில் மட்டும் போயிருந்தால்கூட உங்களிடம் வந்து கேட்டுக்கொண்டிருப்பேன். என் அண்ணனின் கடிதங்கள் அதில் இருந்தன. அவர் ஓய்வு பெற்றபின், 2009-லிருந்து எனக்கு மெயில் எழுதுவார். போனில் பேசினால் இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுவார்; மெயிலில் பக்கம் பக்கமாக எழுதுவார். அப்பா நிலத்தை விற்ற கதை, எங்கள் பாட்டி வைத்திய முறை, பக்கத்து வீட்டு மாமரத் தகராறு என்று. 2017-ல் காலமாகிவிட்டார். சர்வரில் எதுவும் கிடையாது, எல்லாம் போப் முறையில் எடுத்தவை. மூன்று கம்ப்யூட்டர் மாறியும் அந்த ஃபோல்டரைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள். வீட்டம்மாவிடம்கூடச் சொல்லாமல் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.

காலையில் தங்கை மகனைக் கூப்பிட்டேன். "மாமா, ஒண்ணும் அழுத்தாதீங்க" என்றான் முதலில். பிறகு புரொஃபைல் மேனேஜரைத் திறக்கச் சொன்னான். அதில் இரண்டு பெயர் இருந்தது. பழைய பேரேடு பொதுப் பகுதியில் பத்திரமாகத்தான் இருக்கிறது. மென்பொருள் ஒரு புதுப் பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். லினக்ஸ் பக்கம் அப்டேட் கொடுத்து, பதிப்பு ஒன்றானதும் பழைய பெயரைத் தேர்ந்தெடுத்தேன். அண்ணன் திரும்ப வந்தார். எண்ணிப் பார்த்தேன், நானூற்றுப் பன்னிரண்டு.

அதே மேனேஜரில் "டிலீட் புரொஃபைல்" என்றும் ஒரு பட்டன் இருக்கிறது. வேண்டாத இரண்டாவது பெயரை நீக்கலாமே என்று அதையும் அழுத்தப் போனேன். "ஃபைல்களையும் அழிக்கட்டுமா?" என்று அது கேட்டது. இந்த முறை படித்தேன். எந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்று பார்த்தால், பழையதை! கையை எடுத்துவிட்டேன். அந்தக் காலிப் புரொஃபைல் இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

இதற்குப் பிறகு பொது ஃபோல்டர் முறையை நான் விட்டுவிட்டேன். தப்பான முறை என்று சொல்லமாட்டேன். அப்டேட்டுகளை ஒழுங்காகக் கவனிக்கிறவர்களுக்கு, இன்டர்நெட் அடிக்கடி போகிற வீட்டுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். என்னைப்போல "நாளைக்குப் பார்க்கலாம்" ஆட்களுக்கு அது சரிவராது.

மெயிலுக்கு ஐமேப் முறைக்கு மாறினேன். இதுவும் புது விஷயம் இல்லை. போப் 1984-ல் வந்தது என்றால், ஐமேப் 1986-ல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் என்பவர் வடிவமைத்தது. இதை கோர் பேங்கிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரேடு கிளையில் இல்லை, மத்தியில் ஒரே இடத்தில். மயிலாடுதுறையும் கும்பகோணமும் வெறும் கவுன்டர்கள். எந்தக் கவுன்டரில் படித்தாலும் மத்தியில் "படித்தாயிற்று" என்று பதியும். பதில் எழுதினால் அனுப்பிய நகலும் அங்கேயே சேரும். விண்டோஸ் ஒரு கவுன்டர், லினக்ஸ் ஒரு கவுன்டர், கையில் இருக்கும் போன் இன்னொன்று. அந்த மகனின் கடிதம் இந்த முறையில் வந்திருந்தால் நான் எங்கே உட்கார்ந்திருந்தாலும் என் கண்ணில் பட்டிருக்கும்.

மாறும்போது கவனிக்கவேண்டியது: போப் கணக்கை அப்படியே ஐமேப்பாகத் திருப்ப முடியாது. அதே முகவரிக்கு ஐமேப் வகையில் புதிதாக ஒரு கணக்கைச் சேர்க்கவேண்டும். வரும் மெயிலுக்கான போர்ட் எண்ணில் போப்புக்கு 995, ஐமேப்புக்கு 993 என்று இருக்கும். பெரும்பாலும் தண்டர்பேர்டே கண்டுபிடித்துப் போட்டுக்கொள்ளும். பழைய கணக்கை உடனே நீக்காதீர்கள். அதில் இருக்கும் கடிதங்களை ஐமேப் ஃபோல்டருக்கு நகல் எடுங்கள், அவை சர்வருக்கு ஏறும். ஒரேயடியாக இழுக்காமல் ஐம்பது நூறாகச் செய்யுங்கள். இரண்டு பக்கமும் எண்ணிக்கை சரியா என்று பார்த்தபிறகே பழையதைத் தொடவேண்டும். நான் நாலு நாள் எடுத்துக்கொண்டேன். வங்கியில் பழைய லெட்ஜரிலிருந்து கம்ப்யூட்டருக்கு பாலன்ஸ் ஏற்றியபோதும் இப்படித்தான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து டிக் அடித்தோம்.

ஐமேப்பில் எல்லாமே வராது. கையெழுத்து வரிகள், மென்பொருளில் நீங்கள் அமைத்த வடிகட்டிகள், கம்ப்யூட்டரில் மட்டும் வைத்திருக்கும் முகவரிப் புத்தகம், இவற்றை இரண்டு பக்கமும் தனித்தனியே அமைக்கவேண்டும். ஒருமுறை வேலை. இன்னொன்று, ஒரு கவுன்டரில் அழித்தால் எல்லாக் கவுன்டரிலும் அழியும். அதனால் அண்ணன் கடிதங்களைத் தனியாக ஒரு பென்டிரைவிலும் வைத்திருக்கிறேன்.

இனி புக்மார்க். "அதில் என்ன சார் இருக்கிறது, கூகுளில் தேடினால் வந்துவிடுமே" என்று டி பிளாக் நண்பர் கேட்டார். தேடினால் வரும். அதே பெயரில் போலியும் வரும். தேடல் முடிவில் மேலே வரும் விளம்பரத்தை நிஜமான வங்கி என்று நம்பி பாஸ்வேர்ட் கொடுத்தவர்களின் கதைகளை நீங்களும் படித்திருப்பீர்கள். வங்கியின் சரியான பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்து, புக்மார்க் செய்து, பிறகு எப்போதும் அதன் வழியாகவே போவதுதான் நம் வயதுக்காரர்களுக்கு நல்லது. வங்கி, மின்கட்டணம், சொத்து வரி, நவம்பரில் ஓய்வூதியர்களுக்கான உயிர்வாழ் சான்றிதழ் என்று எனக்குப் பதினைந்து இருபது பக்கம் உண்டு.

2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் தங்கள் இணைய முகவரியை "டாட் பேங்க் டாட் இன்" என்று முடியும்படி மாற்றவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. போலிகளைத் தடுக்கத்தான். நான் லினக்ஸில் உட்கார்ந்து புது முகவரிகளைச் சேமித்தேன். விண்டோஸ் பக்கம் பழையவையே இருந்தன. சரி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவோம் என்று முனைந்தேன். இதில்தான் எனக்கு நிஜமாகவே நஷ்டம்.

ஃபயர்ஃபாக்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புக்மார்க் நூலகம் திறக்கும். அதில் வெளியே எடுக்க இரண்டு வழி. எக்ஸ்போர்ட் என்றால் எச்டிஎம்எல் ஃபைல். அதை இன்னொரு பக்கம் இம்போர்ட் செய்தால், இருப்பவற்றோடு சேரும். இரண்டுமுறை செய்தால் எல்லாம் இரட்டிப்பாகும், எரிச்சல்தான், ஆனால் எதுவும் போகாது. பேக்கப், ரீஸ்டோர் என்பது வேறு. ரீஸ்டோர் செய்தால் இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, ஃபைலில் உள்ளதை வைக்கும். எச்சரிக்கையும் கொடுக்கும். நான் விண்டோஸில் பேக்கப் எடுத்து, லினக்ஸில் ரீஸ்டோர் கொடுத்தேன். திசையே தப்பு. ஆறு மாதமாக லினக்ஸில் சேர்த்த எல்லாம், அந்தப் புது வங்கி முகவரிகள் உட்பட, போயின. ஃபயர்ஃபாக்ஸ் தானாகவே சமீபத்திய பதினைந்து நகல்களை வைத்திருக்கும், அந்த ரீஸ்டோர் பட்டியலிலேயே தேதியோடு தெரியும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்குள் நாட்கள் ஓடி, வேண்டிய நகல்கள் பட்டியலிலிருந்து நகர்ந்துவிட்டன. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் அன்றைக்கே அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

இப்போது ஃபயர்ஃபாக்ஸின் சிங்க் வசதியைப் பயன்படுத்துகிறேன். ஒரு கணக்கு தொடங்கி, இரண்டு பக்கமும் அதில் நுழைந்துவிட்டால், ஒரு பக்கம் சேர்ப்பது மறுபக்கமும் வந்துவிடும். பதிப்பு கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பெரிதாகப் பாதிக்காது. நம் தகவல் நம் கம்ப்யூட்டரிலேயே பூட்டப்பட்டுத்தான் வெளியே போகிறது. சாவி நம் பாஸ்வேர்டிலிருந்து வருகிறது. அதனால் பாஸ்வேர்டை மறந்து புதிது வாங்கினால், அங்கே பூட்டிக் கிடப்பதை யாராலும் திறக்க முடியாது. மீட்புச் சாவி ஒன்றை முன்பே உருவாக்கி, காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். குரோம் வைத்திருப்பவர்கள் கூகுள் கணக்கால் இதையே செய்யலாம். குரோமின் ஃபோல்டரை அப்படியே லினக்ஸுக்குத் தூக்கிவந்தால் மட்டும் பாஸ்வேர்டுகள் வராது. விண்டோஸில் அவை உங்கள் விண்டோஸ் நுழைவோடு சேர்த்துப் பூட்டப்பட்டவை.

சிங்க் என்பது காப்பு நகல் ஆகாது. ஒரு பக்கம் தவறி அழித்தால் மறுபக்கமும் போகும். மாதத்துக்கு ஒருமுறை, மென்பொருளை மூடிவிட்டு, புரொஃபைல் ஃபோல்டர் முழுவதையும் பென்டிரைவில் தேதி போட்டு நகல் எடுக்கிறேன். அந்தப் பென்டிரைவை மேஜையில் போட்டு வைக்காதீர்கள். சேமித்த பாஸ்வேர்டுகளும் அவற்றைத் திறக்கும் சாவியும் அதே ஃபோல்டரில்தான் இருக்கின்றன. அமைப்புகளில் பிரைமரி பாஸ்வேர்ட் ஒன்று போட்டுவிட்டால், ஃபோல்டர் யார் கைக்குப் போனாலும் எளிதில் படிக்க முடியாது.

பேச்சுக்குப் பிறகு ஏ பிளாக்கிலிருந்து ஒரு அம்மா கேட்டார்: "பழைய கம்ப்யூட்டரை ரிப்பேருக்குக் கொடுத்தால், ஃபார்மட் பண்ணிடலாமான்னு கேக்கிறாங்களே, என்ன சொல்றது?" மெயில் போப்பா ஐமேப்பா என்று பார்த்துவிட்டு, புரொஃபைல் ஃபோல்டரை நகல் எடுத்துவிட்டு, அந்த நகல் வேறொரு கம்ப்யூட்டரில் திறக்கிறதா என்றும் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள். அதுவரை "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லி வையுங்கள்.

சனிக்கிழமைகளில் மாலை ஐந்து முதல் ஏழு வரை சங்க அறையில் இருப்பேன். லேப்டாப் கொண்டுவருகிறவர்கள் சார்ஜரையும், காலியான பென்டிரைவ் ஒன்றையும் எடுத்துவாருங்கள். பாஸ்வேர்டை என்னிடம் சொல்லவேண்டாம். நீங்களே அடியுங்கள், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

சங்கத்தின் மெயில் இப்போது ஐமேப்பில் இருக்கிறது. சஸ்பென்ஸ் கணக்கில் இன்னும் ஒரு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் யாருடையது என்று தெரியாமல் நிற்கிறது. அனுப்பியவர் வீட்டு எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி ஒரு மெயில் போடவும்.